மிளகாய் மேலே, அரிசி கீழே: பைத்தானின் ஜேசன் தொகுதிக்கு ஒரு மதிப்புரை

பொருள்: பைத்தான் என்ற நிரல்மொழியோடு சேர்ந்தே வரும் ஜேசன் தொகுதி; ஜேசன் என்ற எளிய எழுத்து வடிவில் தரவு வைத்திருக்கும் கோப்புகளைப் படிக்கவும் எழுதவும் உதவுவது. விலை: ஒரு சென்கூட இல்லை. நான் புழங்கிய காலம்: 2016 முதல் இன்று வரை. வாங்கலாமா வேண்டாமா என்று கேட்பவர்களுக்குச் சொல்ல ஒன்றுமில்லை. 2008-இல் வந்த 2.6-ஆம் பதிப்பிலிருந்து அது மொழிக்குள்ளேயே இருக்கிறது. பைத்தானை நிறுவினால் அதுவும் கூடவே வந்துவிடும். "கோப்பில் நான் எழுதிய வரிசை அப்படியே இருக்குமா?" என்று கேட்பவர்களுக்குத்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. அந்த ஒரு கேள்விக்காகக் கடையில் வசவு வாங்கியிருக்கிறேன், இரண்டு இரவு தூங்காமல் இருந்திருக்கிறேன், குற்றமில்லாத ஒன்றின் மேல் பழியும் போட்டிருக்கிறேன்.

நான் கணினி படித்தவளில்லை. பினாங்கு லிட்டில் இந்தியாவில் ஐந்து கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். லெபு பாசாரில் ஒரு மளிகைக் கடை, அதே தெருவில் ஒரு பாத்திரக் கடை, லெபு குவீனில் மாரியம்மன் கோயில் பக்கம் ஒரு பூக்கடை, இன்னும் இரண்டு புடவைக் கடைகள். நாற்பது வயது தாண்டியபின், பேரேட்டில் கூட்டிக் கூட்டி அலுத்துப்போய், பழைய மடிக்கணினி ஒன்றை வாங்கிப் பைத்தான் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொடுத்தவன் என் அக்காள் மகன். அவன் இரண்டு மாதம் சொல்லிக்கொடுத்துவிட்டுக் கோலாலம்பூருக்கு வேலைக்குப் போய்விட்டான். மீதியைத் தப்புச் செய்துதான் கற்றுக்கொண்டேன்.

முதலில் எழுதிய நிரல் சின்னது. மளிகைக் கடையின் இருப்புப் பட்டியல் ஒரு ஜேசன் கோப்பில் இருக்கும். பொருளின் பெயர் ஒரு பக்கம், எத்தனை கிலோ என்பது மறுபக்கம். இந்தப் பெயரைத்தான் சாவி என்கிறார்கள். நிரல் கோப்பைப் படித்து, அன்றைய விற்பனையைக் கழித்து, மாலையில் ஒரு தாள் அச்சடித்துக் கொடுக்கும். கோப்பில் பெயர்களைக் கடைக்காரர் சொன்ன வரிசையில்தான் எழுதியிருந்தேன். பொன்னி அரிசி, பாஸ்மதி, துவரம் பருப்பு, உளுந்து, நல்லெண்ணெய், அதன் பிறகு மிளகாய், மல்லி, மஞ்சள்.

மூன்றாம் நாள் அவர் தாளைத் தூக்கிக் காட்டினார். "தங்கச்சி, நேற்று அரிசி மேலே இருந்தது. இன்று மிளகாய் மேலே இருக்கிறது. நாளைக்கு என்ன, ஊறுகாயா?"

"அண்ணே, எண்கள் எல்லாம் சரியாகத்தான் இருக்கின்றன" என்றேன்.

"எண் சரி. நான் எப்படி நடப்பது?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவர் அந்தத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலிலிருந்து உள்ளே நடப்பார். வாசலில் அரிசி மூட்டை, அடுத்துப் பருப்பு டின்கள், இடப்பக்கம் எண்ணெய், கடைசியில் மசாலா அலமாரி. தாளின் ஒவ்வொரு வரிக்கும் ஓர் எட்டு. அவருடைய வரிசை அகர வரிசையில்லை, விலை வரிசையும் இல்லை. அது கால் வரிசை. என் தாளை வைத்துக்கொண்டு நடந்தால் வாசலுக்கும் அலமாரிக்கும் ஏழு முறை போய்வர வேண்டும்.

அன்று என் கணினியில் இருந்தது உபுண்டு 16.04 என்ற இயங்குதளம், அதோடு வந்த பைத்தான் 3.5. ஜேசன் தொகுதி ஒரு கோப்பைப் படித்தால் அதை பைத்தானின் டிக்ட் என்ற அமைப்பில் போட்டுத் தரும். அந்தக் காலத்து டிக்ட் எப்படி வேலை செய்தது என்பதை நம் கடைத்தெருவை வைத்தே சொல்கிறேன். சுவரில் எண் போட்ட பொந்துகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். சரக்கு வந்ததும் அதன் பெயரை ஒரு கணக்கில் போட்டு ஓர் எண் எடுப்பார்கள். அந்த எண்ணுக்குரிய பொந்தில் சரக்கைத் திணிப்பார்கள். பிறகு மிளகாய் எங்கே என்று கேட்டால் அதே கணக்கைப் போட்டு நேராக அந்தப் பொந்துக்குப் போகலாம், தேட வேண்டியதில்லை. வேகம் அபாரம். ஆனால் சுவரை இடமிருந்து வலமாகப் பார்த்துக்கொண்டு போனால் சரக்கு வந்த வரிசை தெரியாது, பொந்துகளின் வரிசைதான் தெரியும்.

சரி, ஒரு வரிசை தப்பாக இருந்தாலும் தினமும் அதே தப்பாகவாவது இருக்கலாமே? அதுவும் இல்லை. 2012-இல் வந்த 3.3-ஆம் பதிப்பிலிருந்து, எழுத்துச் சரங்களுக்கு அந்தக் கணக்கைப் போடும்போது நிரல் தொடங்கும் ஒவ்வொரு முறையும் ஒரு புது ரகசிய எண்ணைக் கலப்பது இயல்பாகிவிட்டது. வேண்டுமென்றே ஒரே பொந்தில் விழும் பெயர்களாக ஆயிரக்கணக்கில் அனுப்பி இணையச் சேவைகளை முடக்க முடியும் என்று தெரிந்ததால் செய்த ஏற்பாடு அது. நியாயமான ஏற்பாடுதான். ஆனால் தினமும் மாலை ஐந்தரை மணிக்கு ஓடும் என் நிரலுக்கு அதன் பலன் திங்கட்கிழமை அரிசி, செவ்வாய்க்கிழமை மிளகாய்.

மருந்து தொகுதியிலேயே இருந்தது. ஜேசனைப் படிக்கும் லோட்ஸ் என்ற கட்டளைக்கு ஆப்ஜெக்ட் பேர்ஸ் ஹுக் என்று ஒரு கொக்கி உண்டு. சாவியும் மதிப்பும் ஜோடி ஜோடியாக, கோப்பில் இருந்த வரிசையிலேயே, அந்தக் கொக்கிக்குக் கிடைக்கும். அதில், இட்ட வரிசையை நினைவில் வைக்கும் ஆர்டர்டு டிக்ட்டை மாட்டிவிட்டால் வரிசை கலையாது. ஒரே வரி. மறுநாள் தாள் வாசலிலிருந்து அலமாரிக்கு ஒழுங்காக நடந்தது. இதைத் தொகுதியின் கையேட்டில்தான் கண்டுபிடித்தேன், வேறு யாரும் சொல்லித்தரவில்லை. கையேடு சுருக்கமானது, கொஞ்சம் கறாரானது. ஆனால் பொய் சொல்லாது. இலவசச் சரக்குக்கு இப்படி ஒரு கையேடு கிடைப்பது பெரிய விஷயம் என்று காசு கொடுத்து வாங்கிய பில் இயந்திரத்தின் கையேட்டைப் படித்தபிறகு சொல்கிறேன்.

2018-இல் உபுண்டு 18.04-க்கு மாறினேன், பைத்தான் 3.6 ஆனது. பாத்திரக் கடைக்கு எழுதிய புது நிரலில் அந்தக் கொக்கியை மாட்ட மறந்துவிட்டேன். எவர்சில்வர் மேலே, பித்தளை நடுவே, மண்சட்டி கீழே என்று எழுதிய வரிசையிலேயே எல்லாம் வந்தன. மறந்துபோனது ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. தப்பு ஏன் பலிக்கவில்லை என்று தேடினேன். டிக்ட்டின் உள்ளமைப்பையே மாற்றியிருந்தார்கள். சரக்கை இப்போது வந்த வரிசையிலேயே ஒரு பேரேட்டில் எழுதுகிறார்கள். பொந்துகளில் சரக்குக்குப் பதிலாக, பேரேட்டின் எத்தனையாவது வரி என்று ஒரு துண்டுச் சீட்டு மட்டும். ரேமண்ட் ஹெட்டிங்கர் 2012-இல் முன்வைத்த யோசனை அது. இடத்தை மிச்சப்படுத்தத்தான் செய்தார்கள்; 3.5-ஐவிட நினைவகம் 20 முதல் 25 சதவீதம் குறைவு. வரிசை அதோடு ஒட்டிக்கொண்டு வந்த லாபம்.

3.6 வந்தபோது "இதை நம்பி நிரல் எழுதாதீர்கள்" என்றார்கள். 2017 டிசம்பரில், மொழியை உருவாக்கிய கைடோ வான் ராசம், டிக்ட் இனி இட்ட வரிசையைக் காப்பாற்றும் என்று தீர்ப்புச் சொன்னார். 2018 ஜூனில் வந்த 3.7-இலிருந்து அது மொழியின் உறுதிமொழி. ஆகவே நீங்கள் இன்று புதிதாகத் தொடங்குகிறீர்கள் என்றால் ஊறுகாய்க் கதை உங்களுக்கு நடக்காது. கோப்பைப் படிக்கும்போதும் வரிசை இருக்கும், எழுதும்போதும் இருக்கும். ஒரு விலையை மாற்றினால் அது இருந்த இடத்திலேயே இருக்கும். ஒரு பொருளை நீக்கிவிட்டு மறுபடி சேர்த்தால் அது கடைசிக்குப் போகும். எங்கள் பேரேட்டிலும் அப்படித்தான்.

இது பைத்தான் தரும் வாக்கு. ஜேசன் இந்த வாக்கைத் தரவில்லை. 2017-இல் வந்த ஆர்எஃப்சி 8259 என்ற ஜேசன் தரநிலை, சாவியும் மதிப்புமாக இருக்கும் அமைப்பை வரிசையற்ற தொகுப்பு என்றே சொல்கிறது. எக்மா-404 தரநிலையும் வரிசைக்கு எந்தப் பொருளும் கற்பிக்கவில்லை. சதுர அடைப்புக்குள் வரும் பட்டியலுக்கு மட்டும்தான் வரிசை உண்டு. அதாவது உங்கள் கோப்பை அனுப்புகிறவரும் பெறுகிறவரும் நடுவில் கைமாற்றுகிறவரும் சாவிகளைக் குலுக்கிப் போட்டாலும் யாரும் சட்டத்தை மீறியதாகாது. பைத்தானும் இதை ஒப்புக்கொள்கிறது: அரிசி முன்னால் இருக்கும் டிக்ட்டும் மிளகாய் முன்னால் இருக்கும் டிக்ட்டும் சமமா என்று கேட்டால் சமம் என்றே சொல்லும். இரண்டையும் ஆர்டர்டு டிக்ட்டாக வைத்துக் கேட்டால் மட்டும் சமமில்லை என்று சொல்லும். என் பழைய சோதனை நிரல்கள் சில இந்த வேறுபாட்டால் காரணமில்லாமல் கூச்சல் போட்டன.

இனி எனக்குக் காசு நட்டமான கதை. தப்பு முழுக்க என்னுடையது. ஒருநாள் இரவு மஞ்சள்தூள் விலை ஏறியது என்று கடையிலிருந்து தகவல் வந்தது. விலைக் கோப்பைத் திறந்து, தூக்கக் கலக்கத்தில், பழைய வரியைத் திருத்துவதற்குப் பதில் அதற்கு மேலே புது வரி ஒன்றைச் சேர்த்துவிட்டேன். ஒரே கோப்பில் மஞ்சள்தூள் இரண்டு முறை. தொகுதி ஒரு முணுமுணுப்புக்கூட இல்லாமல் படித்தது. இரண்டு முறை ஒரே சாவி வந்தால் கடைசியில் வந்ததையே எடுத்துக்கொள்ளும் அதன் வழக்கப்படி, கீழே இருந்த பழைய விலையை எடுத்துக்கொண்டது. வேடிக்கை என்னவென்றால், அச்சில் வந்தது முதல் மஞ்சளின் இடம், இரண்டாம் மஞ்சளின் விலை. இரண்டு நாள் பழைய விலைக்கே விற்றோம், கிலோவுக்கு இரண்டு ரிங்கிட் குறைவாக. அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் வலித்தது.

வரிசைக்குப் பொருளில்லை என்று சொல்லும் ஜேசனில், வரிசை பொருளையே மாற்றிவிடும் இடம் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். தரநிலை சாவிகள் தனித்தனியாக இருக்க வேண்டும் என்று பரிந்துரைக்கிறது. இல்லாவிட்டால் ஒவ்வொரு மென்பொருளும் ஒவ்வொரு விதமாக நடக்கும் என்று எச்சரித்துவிட்டு விட்டுவிடுகிறது. இதற்கும் அந்தப் பழைய கொக்கிதான் காப்பு. ஜோடிகள் வரும்போது ஏற்கெனவே பார்த்த சாவி மறுபடி வந்தால் நிரலை நிறுத்து என்று நான்கு வரிகள் எழுதி மாட்டிவிட்டேன். அதன் பிறகு மூன்று முறை நிறுத்தியிருக்கிறது. மூன்று முறையும் நான்தான் குற்றவாளி. தொகுதி இதை இயல்பாகவே செய்திருக்க வேண்டும் என்பது என் முதல் குறை. அரை நட்சத்திரம் குறைத்துக்கொள்கிறேன்.

அடுத்தது பூக்கடை. மாலை, உதிரிப்பூ, கல்யாணப் பந்தல் முன்பணம் எல்லாம் கியூஆர் கட்டணமாக வரத் தொடங்கியதும், ஒரு கட்டணச் சேவை நிறுவனத்தோடு இணைத்தோம். பெயர் வேண்டாம். யாராவது பணம் செலுத்தினால் அவர்கள் நம் நிரலுக்கு ஒரு ஜேசன் செய்தி அனுப்புவார்கள். கூடவே ஒரு முத்திரை வரும்: செய்தியின் ஒவ்வோர் எழுத்தையும், நமக்கும் அவர்களுக்கும் மட்டும் தெரிந்த ரகசியச் சொல்லையும் சேர்த்து, ஷா-256 என்ற கணக்கு முறையில் அரைத்து எடுத்த எண். நாமும் அதேபோல் அரைத்துப் பார்க்க வேண்டும். இரண்டும் ஒத்தால் செய்தி உண்மை.

நான் செய்தது இது. வந்த செய்தியை லோட்ஸால் படித்தேன், டம்ப்ஸால் மறுபடி எழுத்தாக்கினேன், அதை அரைத்தேன். ஒத்துப்போகவில்லை. ஒன்றுகூட ஒத்துப்போகவில்லை. பழைய சூடு கண்ட பூனையல்லவா, உடனே சாவி வரிசைமேல் சந்தேகப்பட்டேன். நிறுவனத்தை அழைத்தால், "ஜேசனில் வரிசை முக்கியமில்லை, அம்மா" என்று ஒரு பையன் சொன்னான். அவன் சொன்னது தரநிலைப்படி சரி, முத்திரைக்குப் பொருந்தாது. எழுத்துகளை அரைக்கிறவனுக்கு ஒரு காற்புள்ளி இடம் மாறினாலும் வேறு மாவு. இரண்டு இரவு வரிசையை மாற்றி மாற்றிப் பார்த்தேன். அகர வரிசையில் வைத்தேன், தலைகீழாக வைத்தேன். கடைசியில் வந்த மூலச் செய்தியையும் நான் மறுபடி எழுதியதையும் அச்சடித்து, சாப்பாட்டு மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அளவுகோலால் வரி வரியாக ஒப்பிட்டேன்.

வரிசை அப்படியே இருந்தது! ஒரு சாவிகூட நகரவில்லை. மாறியிருந்தது வெற்றிடம். டம்ப்ஸ் தன் இயல்பில் ஒவ்வொரு காற்புள்ளிக்கும் முக்காற்புள்ளிக்கும் பிறகு ஓர் இடைவெளி விடும், அவர்கள் விடுவதில்லை. செப்பரேட்டர்ஸ் என்ற அமைப்பில் இடைவெளியை நீக்கினேன், ஒத்துப்போயிற்று. வெற்றி என்று நினைத்து ஒரு தே தாரிக் போட்டுக் குடித்தேன்.

மறுநாள் பாதி ஒத்துப்போனது, பாதி ஒத்துப்போகவில்லை. 12.55 ரிங்கிட் சரி, 12.50 தப்பு. 8.35 சரி, 30.00 தப்பு. யோசித்துப் பார்த்தால் வெட்கமாக இருந்தது. அவர்கள் தொகையை எண்ணாக, இரண்டு தசம இடத்தோடு அனுப்புகிறார்கள். லோட்ஸ் 12.50-ஐப் படித்தால் அது பைத்தானுக்கு 12.5, திருப்பி எழுதும்போது அந்தப் பூச்சியம் வராது. 30.00 என்பது 30.0 ஆகிவிடும். பூக்கடையில் முழு ரிங்கிட்டாகவும் அரை ரிங்கிட்டாகவும்தானே வியாபாரம் நடக்கும். பூச்சியத்தை அப்படியே காக்கும் டெசிமல் என்ற எண் வகையாகப் படிக்கச் சொல்லலாம், அதற்கு வழி உண்டு. ஆனால் டெசிமலைத் திருப்பி எழுதச் சொன்னால் இந்தத் தொகுதி மறுத்துவிடும்.

அதையும் எப்படியோ ஒட்டுப்போட்டுச் சமாளித்த வாரத்தில், ஒரு வாடிக்கையாளர் குறிப்புப் பகுதியில் "அம்மன் மாலை" என்று தமிழில் எழுதிப் பணம் அனுப்பினார். தப்பு. இன்னொருவர் சீனத்தில் எழுதினார். தப்பு. இதுதான் என் பெரிய குறை. என்ஷ்யூர் ஆஸ்கி என்ற அமைப்பு இந்தத் தொகுதியில் இயல்பாகவே திறந்திருக்கிறது. ஆங்கில எழுத்தல்லாத எதைக் கண்டாலும் பின்சாய்கோடு, ஒரு யூ, நான்கு இலக்கம் என்று ஆறு எழுத்துச் சங்கேதமாக மாற்றி எழுதும். பொருள் கெடாது, திரும்பப் படித்தால் தமிழ் தமிழாகவே வரும். ஆனால் கோப்பைத் திறந்து பார்க்கிற மனிதருக்கு அது எறும்பு ஊர்ந்த தடம். யூடிஎஃப்-8 முறையில் மூன்று பைட்டில் அடங்கும் 'க' இங்கே ஆறு பைட் பிடிக்கிறது. மளிகைக் கடைப் பட்டியலில் மஞ்சள் எங்கே என்று கண்ணால் தேட முடியாது. மூடிவிடலாம், ஒரு சொல்தான். ஆனால் ஒவ்வொரு புது நிரலிலும் மறக்காமல் மூட வேண்டும். ஆங்கிலத்தில் மட்டும் கணக்கு எழுதுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை இருப்பதே தெரியாது. இதற்கு இன்னோர் அரை நட்சத்திரம்.

கட்டணச் செய்திக்கு இறுதித் தீர்வு மிக எளியது, முதல் நாளே செய்திருக்க வேண்டியது. வந்த செய்தியைப் பிரிக்காமல், பைட்டுகளாகவே அரைத்து முத்திரையை ஒப்பிடு. ஒத்தபிறகு பிரித்துப் படி. கடிதத்தின் அரக்கு முத்திரையைச் சோதிக்க யாராவது கடிதத்தைப் பிரித்துத் தம் கையெழுத்தில் நகலெடுப்பார்களா? நான் எடுத்தேன். பிறகு ஒருநாள் அந்த நிறுவனம் சொல்லாமல் கொள்ளாமல் புதுச் சாவி ஒன்றை நடுவில் செருகியது. என் நிரலுக்கு ஒன்றும் ஆகவில்லை.

இந்தப் பாடம் புடவைக் கடையில் உதவியது. மலேசியாவில் மின் விலைப்பட்டியல் முறை 2024 ஆகஸ்ட் 1 அன்று, ஆண்டு விற்பனை பத்துக் கோடி ரிங்கிட்டுக்கு மேலான நிறுவனங்களில் தொடங்கிப் படிப்படியாக இறங்கி வந்தது. உள்நாட்டு வருமான வாரியத்தின் மைஇன்வாய்ஸ் தளத்துக்குப் பட்டியலை எக்ஸ்எம்எல்லாகவோ ஜேசனாகவோ அனுப்பலாம். ஜேசனை பேஸ்64 வடிவில் பொதிந்து, அதன் ஷா-256 எண்ணையும் கூடவே தர வேண்டும். இங்கே டம்ப்ஸை ஒரே ஒரு முறைதான் அழைக்கிறேன். வந்த பைட்டுகளை ஒரு மாறியில் பூட்டி வைத்து, அரைப்பதற்கும் பொதிவதற்கும் கோப்பில் சேமிப்பதற்கும் அதையே தருகிறேன். முதல் முயற்சியிலேயே ஏற்றுக்கொண்டது.

சார்ட் கீஸ் பற்றியும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் "வரிசை வேண்டுமென்றால் அதைத் திறந்துவிடுங்கள்" என்று எல்லோரும் அறிவுரை தருகிறார்கள். சாவிகளை வரிசைப்படுத்தி எழுதும் வசதி அது. இரண்டு நாள் கோப்புகளை ஒப்பிட்டு என்ன மாறியது என்று பார்க்க நல்லது, நானே பயன்படுத்துகிறேன். ஆனால் அகராதி என்று பெயர் வைத்த டிக்ட்டுக்குத் தமிழ் அகராதி வரிசை தெரியாது. அது யூனிகோடு எண் வரிசையில் அடுக்குகிறது. யூனிகோடில் ன என்ற எழுத்து ந-வுக்கு அடுத்து, ப-வுக்கு முன்னால் இருக்கிறது. ற என்பது ர-வை ஒட்டி, ல-வுக்கு முன்னால் இருக்கிறது. நாம் பள்ளியில் படித்த வரிசையில் ற, ன இரண்டும் கடைசியில் அல்லவா? ஆகவே என் பட்டியலில் பனைவெல்லம், பயறு, பருப்பு என்று வருகிறது. நமக்கு வேண்டியது பயறு, பருப்பு, பனைவெல்லம். வடகம், வற்றல், வல்லாரை என்று அடுக்குகிறது. வல்லாரைக்குப் பிறகுதான் வற்றல் வர வேண்டும். தமிழாசிரியை ஒருவர் அந்தப் புடவைக் கடையில் பகுதிநேர வேலை பார்க்கிறார். நான் அச்சடித்த பட்டியலைப் பார்த்துவிட்டு, "இதை அடுக்கியவர் எந்தப் பள்ளியில் படித்தார்?" என்று கேட்டார். யூனிகோடு பள்ளியில் என்றேன்.

எண்களிலும் ஒரு பொறி இருக்கிறது. பைத்தானில் அலமாரி எண்ணை எண்ணாகவே சாவியாக வைக்கலாம். ஜேசனில் சாவி எழுத்துச் சரமாகத்தான் இருக்க முடியும் என்பதால் எழுதும்போது சரமாக மாறிவிடும். ஆனால் வரிசைப்படுத்துவது மாறுவதற்கு முன்பு நடக்கிறது. முதல் முறை எழுதினால் 9, பிறகு 10. அதே கோப்பைப் படித்து மறுபடி எழுதினால் இப்போது இரண்டும் சரங்கள், ஆகவே 10 முன்னால், 9 பின்னால். ஒன்றுமே மாறாத கோப்பு, மாறிவிட்டதாக ஒப்பீட்டில் காட்டும். எண்ணும் சரமும் கலந்து சாவிகளாக இருந்தால் அடுக்கவே மறுத்துப் பிழை எழுப்பும்; அது நல்ல குணம், கலந்ததற்கு நம்மைத்தான் கண்டிக்க வேண்டும்.

தொகுதி காப்பாற்றிய வரிசையை மற்றவர்கள் கெடுப்பது தனிக் கதை. மளிகைக் கடையில் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும் சேவைக்கு அஞ்சல் குறியீட்டைச் சாவியாக வைத்து, லோரி போகும் வரிசையில் எழுதியிருந்தேன். முதலில் பாலம் தாண்டி 14000 புக்கிட் மெர்தாஜாம், அடுத்து 12000 பட்டர்வொர்த், திரும்பி வந்து 11900 பாயான் லெப்பாஸ், 11500 ஆயிர் ஈத்தாம், கடைசியில் 11200 தஞ்சோங் பூங்கா. பைத்தான் அந்த வரிசையைப் பத்திரமாக அனுப்பியது. உலாவியில் பார்த்தால் 11200 முதலில், 14000 கடைசியில். உலாவியின் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்ட், முழு எண்போல் தோன்றும் சாவிகளை ஏறுவரிசையில் முதலில் வைத்துவிட்டுத்தான் மற்றவற்றை இட்ட வரிசையில் வைக்கும். லோரி ஓட்டுநர் தாளைப் பார்த்துவிட்டு, "கணக்கம்மா, இன்று தலைகீழாகப் போகவா?" என்று கேட்டார். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் ஜேசன்பி வகையில் சேமித்தாலும் வரிசை போய்விடும். ஜேசன் என்ற பழைய வகையில் வைத்தால் எழுத்துக்கு எழுத்து இருக்கும். பைத்தானில் இணையச் சேவை எழுத உதவும் ஃபிளாஸ்க், பதில் அனுப்பும்போது தன் இயல்பில் சாவிகளை அடுக்கிவிடுகிறது. யார்மேலும் கோபப்பட வழியில்லை, தரநிலை எல்லோருக்கும் அனுமதி தந்திருக்கிறது. அன்றிலிருந்து நடக்கிற வரிசை, ஓட்டுகிற வரிசை எதுவானாலும் சதுர அடைப்புப் பட்டியலில்தான் எழுதுகிறேன். ஒவ்வோர் உறுப்பிலும் குறியீடு ஒன்று, ஊர் ஒன்று. சில எழுத்துகள் கூடுதல்; லோரி ஒழுங்காகப் போகிறது.

மாற்றுச் சரக்கு பற்றிக் கேட்பீர்கள். ஓஆர்ஜேசன் என்று ஒன்று இருக்கிறது, நிறுவிக்கொள்ள வேண்டும். வேகமானது, தமிழைத் தமிழாகவே யூடிஎஃப்-8 பைட்டுகளில் எழுதுகிறது, இடைவெளியும் விடுவதில்லை. முத்திரை வேலைக்கு அதன் குணம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் ஐந்து கடைகளின் பழைய கணினிகளில் எதையும் கூடுதலாக நிறுவுவதற்கு எனக்கு மனமில்லை. நூறு கிலோபைட் கோப்புக்கு வேகம் எதற்கு?

ஆகவே ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். இரட்டைச் சாவியைக் கண்டும் வாய்மூடி இருப்பதற்கு அரை, தமிழை எறும்புத் தடமாக்குவதற்கு அரை. வரிசைக்காக ஒன்றும் குறைக்கவில்லை, 3.7-க்குப் பிறகு அந்த விஷயத்தில் என்னிடம் அது ஒருமுறைகூடத் தவறியதில்லை.

போன வாரம் மளிகைக் கடையில் அலமாரிகளை இடம் மாற்றினார்கள். எண்ணெய் டின்கள் இப்போது வாசலில், அரிசி மூட்டை உள்ளே. அண்ணன் தொலைபேசியில் சொல்லச் சொல்லக் கோப்பில் மூன்று வரிகளை வெட்டி மேலே ஒட்டினேன். மாலைத் தாளில் நல்லெண்ணெய் முதல் வரியில் இருந்தது. அவர் அதைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்துபோய், அலமாரி முனையில் நின்று, "மிளகுக்கும் சீரகத்துக்கும் நடுவில் வெந்தயம்" என்று அங்கிருந்தே கத்தினார்.